அடி உடம்பில் பட்டது, தாளில் ஏறவில்லை

மாமாவின் ராணுவக் காகிதங்கள் எல்லாம் ஒரு நகைக்கடைப் பையில் இருந்தன. டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய உத்தரவான பி.பி.ஓ., கேன்டீன் கார்டின் நகல், இரண்டு குரூப் போட்டோ, அப்புறம் மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கியிருந்த ஒரு மெடிக்கல் போர்டு நகல், அதாவது ஓய்வுக்கு முன் ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழுவின் அறிக்கை. அதை எடுத்து என் முன்னால் விரித்து, "இதப் பாரு மாப்ள, என்னமோ எழுதியிருக்காங்க, அன்னைக்கு கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார். அது 2017. அவர் ஆர்ட்டிலரியில் ஹவில்தாராக 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றது 2006-ல். பதினோரு வருஷம் அந்தத் தாள் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

தாளில் இருந்தது இதுதான். வலது முழங்கால், 20 சதவீதம். காது கேளாமை, 15 முதல் 19 சதவீதம். இரண்டும் சேர்த்து 30 சதவீதம், வாழ்நாள் முழுவதற்கும். அடுத்த கட்டத்தில் கேள்வி: பணியால் வந்ததா? இல்லை. பணியால் மோசமானதா? இல்லை. காரணம் எழுத ஒரு சின்ன இடம் விட்டிருந்தார்கள். முழங்காலுக்கு எதிரே "காய அறிக்கை இல்லை" என்ற பொருளில் ஒரு வரி. காதுக்கு எதிரே "அமைதிப் பகுதியில் தொடங்கியது", அதாவது போர்முனை இல்லாத இடத்தில் தொடங்கியது என்று ஒரு வரி. அவ்வளவுதான். 22 வருஷம் பீரங்கி பக்கத்தில் நின்ற மனிதனின் காதைப் பற்றி ஒரு வரி.

ராணுவத்தில் அடிபட்டால், நோய் வந்தால் அரசு என்ன தரும், எதை வைத்துத் தரும், ஏன் பலருக்குக் கிடைப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கின்றன, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களில்கூட இந்த விதிகளைச் சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன நஷ்டஈட்டு வழக்கு போடுகிறோம், தொழிற்சாலையில் கை போனால் தொழிலாளர் இழப்பீடு கேட்கிறோம். இந்தியப் படைவீரருக்கு அந்த மாதிரி மொத்தத் தொகையை வழக்காடி வாங்குவது பிரதான வழி இல்லை. அவருக்கு உள்ளது டிசெபிலிட்டி பென்ஷன், அதாவது ஊன ஓய்வூதியம், மாதாமாதம் வருவது. அதில் இரண்டு பாகம். ஒன்று பணிக்காலத்துக்கான பாகம், சர்வீஸ் எலிமென்ட். இன்னொன்று ஊனத்துக்கான பாகம், டிசெபிலிட்டி எலிமென்ட். முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கு முதல் பாகம் எப்படியும் வந்துவிடும். சண்டை எல்லாம் இரண்டாவது பாகத்துக்குத்தான்.

அந்த இரண்டாவது பாகம் கிடைக்க ராணுவ ஓய்வூதிய விதிகள் கேட்பது இரண்டே விஷயம். ஊனம் ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் மோசமாகியிருக்க வேண்டும். அப்புறம் அதன் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பட்டாளத்துக்காரர்கள் பேச்சில் "அட்ரிபியூட்டபிள்", "அக்ரவேட்டட்" என்ற இரண்டு சொல் அடிக்கடி வருவது இதனால்தான். இரண்டும் இல்லை என்று போர்டு எழுதிவிட்டால் அதற்கு "நானா" என்று சுருக்கப் பெயர். "எனக்கு நானா போட்டுட்டாங்க சார்" என்று யாராவது சொன்னால் அவருடைய ஊன ஓய்வூதியம் அந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, யார் நிரூபிக்க வேண்டும்? இதுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற கேள்வி. படைவீரர்தான் நிரூபிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள், மாமாவும் அப்படித்தான் நினைத்தார். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. அவர் ஓய்வு பெற்ற காலத்தில் நடைமுறையில் இருந்தவை 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள். அவற்றின்படி, ஆளைச் சேர்க்கும்போது எழுதி வைக்கப்பட்ட குறை தவிர மற்றபடி அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டால், அது பணியால்தான் வந்தது என்று அனுமானிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் கேட்பவர்மேல் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும்.

இதில் சலுகை எதுவும் இல்லை, நேரான நியாயம்தான் இருக்கிறது. ஆள் எடுக்கும் மைதானத்தில் ஒரு பையனை நிற்கவைத்து எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண், காது, மார்பளவு, பாதம் தட்டையா, முட்டிக்கு முட்டி இடிக்கிறதா, விரல் வளைகிறதா, ஒன்றையும் விடுவதில்லை. சின்னக் குறை இருந்தால்கூட அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவு பார்த்து "இவன் முழு ஆரோக்கியமானவன்" என்று கையெழுத்திட்டு எடுத்துக்கொண்ட அரசு, 20 வருஷம் கழித்து அதே ஆளிடம் "இந்த நோய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நீயே சொல்லு" என்று கேட்பது எப்படிச் சரியாகும்?

உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதும் இதைத்தான். 1985-ல் சிக்னல் கோரில் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். வலிப்பு நோய் என்று 1994-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஊனம் 20 சதவீதம், பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று போர்டு எழுதியது. ஏன் தொடர்பில்லை என்பதற்குக் காரணம் எழுதவில்லை. சேரும்போது நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அப்படியானால் பணியில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும் என்று நீதிமன்றம் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டித் தீர்ப்பளித்தது. 1994-ல் வீட்டுக்கு வந்தவருக்கு 2013-ல் நியாயம். நடுவில் போனது 19 வருஷம்.

அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தீர்ப்புகள் அந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கின்றன. 2025-ல்கூட, சியாச்சினில் பணியாற்றிய ஒரு வீரரின் வலிப்பு நோய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே திரும்பச் சொன்னது. மனநோய் விஷயத்தில் மட்டும் பாதை கொஞ்சம் வளைந்து போகிறது. ஸ்கிசோஃப்ரினியா சேரும்போது நடக்கும் பரிசோதனையில் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு பணியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது என்று 2019-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2025-ல் அதே நோய் பற்றிய வேறொரு வழக்கில், போர்டு காரணம் எழுதாமல் "தொடர்பில்லை" என்று மட்டும் எழுதினால் அதன்மேல் கட்டிய மறுப்பு நிற்காது என்றது நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், போர்டு காரணம் எழுதியிருக்கிறதா, எழுதியது உண்மையிலேயே மருத்துவக் காரணமா என்பதில்தான் போய் நிற்கும்.

சட்டம் இவ்வளவு தூரம் வீரர் பக்கம் இருக்கிறது என்றால் மாமாவின் தாளில் ஏன் "இல்லை, இல்லை" என்று வந்தது? முழங்கால் விஷயத்தைப் பார்த்தால் புரியும். நோயை விடுங்கள், காயம் என்றால் ராணுவத்துக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. அடிபட்டவுடன் யூனிட்டில் காய அறிக்கை நிரப்ப வேண்டும், அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்று எண். எப்போது, எங்கே, என்ன வேலையில் இருந்தபோது அடிபட்டது, பணியில் இருந்தாரா இல்லையா என்று எழுதி கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட வேண்டும். கடுமையான காயம் என்றால் கோர்ட் ஆஃப் என்கொயரி வைத்து, கூட இருந்தவர்களின் வாக்குமூலம் வாங்க வேண்டும்.

மாமாவுக்கு அடிபட்டது இரவு நேரப் பயிற்சியில். மழை பெய்து முடிந்த சேற்றில் பீரங்கியை ஆறேழு பேர் சேர்ந்து தள்ளித் திருப்பும்போது கால் வழுக்கி முழங்கால் மடங்கிக்கொண்டது. வலி தாங்காமல் உட்கார்ந்தவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மீதிப் பேர் வேலையை முடித்தார்கள். காலையில் எம்.ஐ. ரூமில், அதாவது யூனிட்டின் மருத்துவ அறையில் கட்டுப் போட்டு மூன்று நாள் "அட்டெண்ட் சி", அதாவது லைனிலேயே ஓய்வு. நாலாம் நாள் பெரேடு. "காய அறிக்கை எழுதச் சொன்னீங்களா மாமா?" என்று கேட்டேன். "முட்டி வீங்கினதுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதுன்னு எவனாவது கேப்பானா? கேட்டா டியூட்டிய ஏமாத்துறான்னு சொல்லுவாங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் நல்ல சிப்பாய்க்கு அழகு என்று பயிற்சிக் காலம் முதல் பழக்குகிறார்கள். உடல்தகுதி குறைந்தவர் என்று லோ மெடிக்கல் கேட்டகிரியில் போட்டுவிட்டால் பதவி உயர்வு தள்ளிப்போகும், நல்ல கோர்ஸ் கிடைக்காது என்ற பயம் வேறு. அதனால் மறைக்கிறான். மறைத்ததனால் தாளில் ஏறவில்லை. ஏறாததனால் கடைசியில் போர்டு "அறிக்கை இல்லை" என்று எழுதுகிறது. நிரூபிக்கும் பாரம் அவன்மேல் இல்லை என்று விதிப்புத்தகம் சொன்னாலும், அந்த ஒரு தாள் இல்லாததால் பாரம் முழுக்க அவன் தலையில் வந்து விழுந்துவிடுகிறது. நான் பார்த்த எல்லா ஃபைலிலும் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருந்தது, நீதிமன்றத்தில் இல்லை.

விடுமுறையில் அடிபட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இது தனி உலகம். லீவுக்கு ஊருக்குப் போகிற வழியில், ரயிலிலிருந்து இறங்கும்போது கையை இழந்த ஒருவருக்கு 1999-ல் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் கொடுக்கச் சொன்னது. பயணச் செலவை அரசு தந்ததா, அவரே போட்டாரா என்பதை வைத்து மறுக்கக்கூடாது என்றது. ஆனால் லீவில் ஊரில் இருக்கும்போது சொந்த வேலையாகப் போய் ஸ்கூட்டர் விபத்தில் சிக்கியவருக்கு 2011-ல் மறுத்துவிட்டது. லீவும் பணிக்காலத்தில் சேர்த்திதான் என்றாலும், செய்துகொண்டிருந்த காரியத்துக்கும் ராணுவப் பணிக்கும் ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும் என்பதுதான் இன்றுவரை நிற்கிற நிலை. வீட்டு மாடிப்படியில் விழுந்ததற்கும், பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு பைக்கில் போய் விழுந்ததற்கும் பெரும்பாலும் கிடைக்காது. வேலைக்குத் திரும்பிப் போகிற வழியில் என்றால் கேட்டுப் பார்க்க இடம் உண்டு.

இப்போது பணக் கணக்கு. நூறு சதவீத ஊனத்துக்கு ஊனப் பாகம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். சதவீதம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். ஒரு ஹவில்தாரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 39,200, ராணுவப் பணிப்படி 5,200, கூட்டினால் 44,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்கு 13,320 ரூபாய். 20 சதவீத ஊனம் என்றால் 2,664 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி.

இங்கேதான் பிராட் பேண்டிங் என்ற ஒன்று வருகிறது, தமிழில் சதவீதத்தை மேலே தூக்கி முழுமையாக்குவது என்று சொல்லலாம். ஒரு டாக்டர் 20 என்பார், இன்னொருவர் 30 என்பார், இந்த வித்தியாசத்தில் ஆளுக்கு ஆள் அநியாயம் நடக்கிறது என்று ஐந்தாவது சம்பளக் கமிஷன் காலத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், 76 முதல் 100 வரை 100 என்றும் எடுத்துக்கொள்வது. அப்படிப் பார்த்தால் 20 சதவீதம் 50 ஆகும், 2,664 ரூபாய் 6,660 ஆகும். ஆனால் அரசு இதை உடல்நலக் குறைவால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தது. காலம் முடிந்து முறைப்படி ஓய்வு பெற்றவருக்கு அதே ஊனம் இருந்தாலும் கிடையாது. வலியைப் பொறுத்துக்கொண்டு கடைசி நாள் வரை வேலை பார்த்தவனுக்குக் குறைவு! 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசம் செல்லாது என்று சொல்லி, ஒரே நேரத்தில் 800-க்கும் மேற்பட்ட அரசு மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அதே வருஷம் வேறொரு வழக்கில், உடல்நலக் குறைவு என்று சொல்லி ஒருவரை நீங்களே வீட்டுக்கு அனுப்பினால் அவர் ஊனம் 20-க்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும், 19 என்று எழுதிவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூடாது என்றும் சொன்னது.

போரில், எல்லை மோதலில், கண்ணிவெடியில் அடிபட்டவர்களுக்குக் கணக்கு வேறு. அது போர்க்காய ஓய்வூதியம். நூறு சதவீத ஊனத்தோடு அனுப்பப்பட்டால் போர்க்காயப் பாகம் கடைசிச் சம்பளத்தின் முழு அளவு, அதாவது நம் உதாரணத்தில் 44,400. அடிபட்டும் பணியில் தொடர்ந்து, பிறகு ஓய்வு பெற்றால் 60 சதவீதம். இதற்காக அரசு 2001-ல் காரணங்களை ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரித்தது. பணிக்குத் தொடர்பில்லாதது ஏ, பணியால் வந்த நோய் பி, பணியில் நடந்த விபத்து சி, போர் சார்ந்தது ஈ என்று போகும். எந்த வகையில் போடுகிறார்கள் என்பதில் மாதம் பல ஆயிரம் வித்தியாசம் வருவதால் இதற்கும் வழக்குகள் நடக்கின்றன.

ஏழாவது சம்பளக் கமிஷன் சதவீதக் கணக்கை எடுத்துவிட்டு, நூறு சதவீத ஊனத்துக்கு அதிகாரிக்கு 27,000, அதிகாரிக்கும் ஜவானுக்கும் நடுவில் இருக்கிற ஜே.சி.ஓ.வுக்கு 17,000, மற்றவர்களுக்கு 12,000 என்று நிலையான தொகை வைக்கச் சொன்னது. பெரிய எதிர்ப்பு வந்தது, அரசு பழைய சதவீத முறைக்கே திரும்பியது. அந்த எதிர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நிறைய வீடுகளில் வருமானம் குறைந்திருக்கும்.

மறுக்கப்பட்டால் என்ன வழி? மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதிலும் இல்லை என்றால் இரண்டாவது அப்பீல், இரண்டும் படைக்குள்ளேயும் அமைச்சகத்திலும் இருக்கிற குழுக்களுக்குப் போகும். அதற்குப் பிறகு ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். 2007-ல் சட்டம் வந்து 2009-ல் வேலையைத் தொடங்கியது, சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது. முன்பெல்லாம் ஹைகோர்ட்டில் ரிட் போட்டுக் காத்துக்கிடக்க வேண்டும், இப்போது பரவாயில்லை. தீர்ப்பாயத்திலும் தோற்றால் ஹைகோர்ட் போகலாமா கூடாதா என்று நடுவில் ஒரு குழப்பம் இருந்தது, 2015-ல் கூடாது என்ற மாதிரி ஒரு தீர்ப்பு, 2023-ல் போகலாம் என்று உச்ச நீதிமன்றமே சரிசெய்தது.

தாமதம்தான் பெரிய நஷ்டம். ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படுவதால் எத்தனை வருஷம் கழித்துப் போனாலும் வழக்கு எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் பழைய பாக்கி மூன்று வருஷத்துக்கு மேல் பொதுவாகக் கிடைக்காது என்பது 2008-ல் தர்செம் சிங் வழக்கில் வகுத்த வழி. மாமா விஷயத்தில் நடந்ததும் அதுதான். காதும் முழங்காலும் இரண்டுமே பணியால் வந்தவை என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அறிக்கை இல்லாவிட்டாலும், அந்தத் தேதிக்கு எம்.ஐ. ரூம் பதிவின் நகல் ஒன்று ஆர்.டி.ஐ.யில் கிடைத்தது, அதுதான் காப்பாற்றியது. 30 சதவீதம் 50 ஆனது. பாக்கி வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மட்டும். அதற்கு முந்திய எட்டு வருஷம் போனது போனதுதான். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அத்தைதான் "அந்த வருஷத்துலதான பசங்களுக்கு பீஸ் கட்ட நகைய வெச்சோம்" என்றார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-ல் தணிக்கைத் துறையின் அறிக்கை ஒன்று வந்தது. ஓய்வு பெறும் அதிகாரிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஊன ஓய்வூதியம் வாங்குகிறார்கள், ஜவான்களில் அந்த விகிதம் அதைவிட மிகக் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை நிறைய இருக்கின்றன என்று அது கவலைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஊனத்தோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கான பாகத்துக்கு "இம்பேர்மென்ட் ரிலீஃப்" என்று புதுப் பெயர் வைத்தார்கள், வாழ்க்கைமுறை நோய்களுக்கு நிபந்தனைகளை இறுக்கினார்கள். முன்பே ஓய்வு பெற்றவர்களை இது தொடாது. தவறாக வாங்குகிறவர்களைப் பிடிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த எண்களையே இன்னொரு முறை பாருங்கள். உடம்பால் அதிகம் உழைப்பது, அதிகம் அடிபடுவது ஜவான்கள். ஊன ஓய்வூதியம் குறைவாக வாங்குவதும் அவர்கள்தான். தாளைப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்த விகிதத்தில் எனக்குத் தெரிகிறது. விதியை இறுக்கும்போது முதலில் விழுகிறவன் படிவம் எழுதத் தெரியாத அந்த ஜவான்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது, அவர்கள் மத்திய அரசு ஊழியர்களுக்கான அசாதாரண ஓய்வூதிய விதிகளின் கீழ் வருகிறார்கள். 2022-ல் வந்த, நாலு வருஷம் மட்டும் ஆள் எடுக்கும் அக்னிவீர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஊன ஓய்வூதியமே கிடையாது. பணியால் ஊனம் வந்தால் 50, 75, 100 சதவீதம் என்று பார்த்து 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒரே தவணையில், மீதமிருக்கிற காலத்துக்குச் சம்பளம், நாலு வருஷ முடிவில் தரும் மொத்தத் தொகையான சேவா நிதி, அத்தோடு முடிந்தது. இருபத்தொரு வயதில் இரண்டு காலும் இழந்த ஒருவன் இன்னும் ஐம்பது வருஷம் வாழ வேண்டும். அந்த 44 லட்சம் எத்தனை வருஷம் தாங்கும்? பக்கத்திலேயே அதே பள்ளத்தில் அதே வெடியில் அடிபட்ட வழக்கமான சிப்பாய்க்கு வாழ்நாள் முழுக்க மாத ஓய்வூதியம். இந்த வித்தியாசத்துக்கு எந்த நியாயமும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னும் மோசமான நிலை பயிற்சி கேடட்டுகளுக்கு. நம் பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலோ, கடக்வாஸ்லா, டேராடூனிலோ பயிற்சியில் முதுகெலும்பு உடைந்தால், அவர் இன்னும் அதிகாரியாகப் பொறுப்பேற்கவில்லை என்ற காரணத்தால் முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடையாது. கருணைத்தொகை என்ற பெயரில் மாதம் ஒரு தொகை. 1985-லிருந்து இப்படி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 500 பேர் என்ற செய்தி வெளியானபின், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணையைக் கையில் எடுத்தது. அதையொட்டித்தான் அவர்களுக்கு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமே திறந்துவிடப்பட்டது.

ஃபைல் பார்க்கத் தெரியாத குடும்பங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மெடிக்கல் போர்டு நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனில் இருக்கிறது, மற்றவர்களுக்கு டிஸ்சார்ஜ் புக்கில் முகவரி இருக்கும். நகல் வந்ததும் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காரணம் எழுதிய கட்டத்தைப் படியுங்கள், காலியாக இருந்தாலோ "அமைதிப் பகுதி" என்று மட்டும் இருந்தாலோ பேச இடம் இருக்கிறது. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, அப்பீல் எழுத அங்கே வழி கேட்கலாம். ஓய்வு பெற்று 15 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால், 1982 விதிகளுக்குப் பிறகு வந்த 2008 தகுதி விதிகளின்படி நிரூபிக்கும் பாரம் நம் பக்கம் திரும்பிவிடும் என்பதால் அதற்கு முன்னால் அசைந்துவிடுவது நல்லது.

போன பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன் ஒருத்தன் லீவில் வந்திருந்தான், சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கிரிக்கெட் ஆடக் கூப்பிட்டால் வரவில்லை, திண்ணையில் உட்கார்ந்து கணுக்காலை நீவிக்கொண்டிருந்தான். தடை ஓட்டத்தில் சுவரிலிருந்து குதிக்கும்போது பிசகியதாம், நவம்பரில். எம்.எச்.சில், அதாவது ராணுவ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்களாம். "இஞ்சுரி ரிப்போர்ட் போட்டாங்களா தம்பி?" என்றேன். "அதெல்லாம் கேக்கல அண்ணா, சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்றான். மாமாவைக் கூப்பிட்டு அவன் பக்கத்தில் உட்காரவைத்தேன். காதில் மெஷின் வைத்திருந்தும் அவன் சொன்னதை அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். அப்புறம் அவன் போனை வாங்கி அவனிடமே நீட்டி, "உங்க ஹவில்தார் மேஜருக்கு இப்பவே பேசு, திரும்பிப் போனதும் மொத வேலையா அந்தப் படிவத்தப் போடச் சொல்லு, எக்ஸ்ரே தேதிய எழுதி வெச்சுக்கோ" என்றார். அவன் தயங்கிக்கொண்டே எழுந்து, தெருமுனையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நொண்டியபடி நடந்தான்.